சீபாப் மாஸ்க்கோடு முதல் மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்புக் கல்லடிக்காரன். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன். 2020 இலிருந்து ஒவ்வொரு இரவும் மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். எனக்கிருப்பது ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிற வருத்தம். அதற்குக் கொடுக்கிற காற்று மிசினுக்குப் பெயர் சீபாப். விசயம் ஊருக்குள் தெரிந்த பிறகு, மிசின் வாங்கியவர்கள், வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் என்று ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை பலர் எனக்குக் கோல் எடுக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருந்து மாத்திரையும் உங்கள் டொக்டரின் வேலை. மாஸ்க்கோடு எப்படிப் படுப்பது என்பது மட்டும் எனக்குத் தெரியும். மிசினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் நாலைந்து பேரை அறிவேன். மாஸ்க்கால் காற்று ஒழுகியது, வாய் காய்ந்தது, குழாய்க்குள் தண்ணீர் வந்தது என்று ஒவ்வொருவரும் விட்டது ஒரு சின்ன விசயத்தில். அரை மணித்தியாலத்தில் சரிசெய்திருக்கலாம்.

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றுதானே சொல்வார்கள். இதற்கு ஏன் மிசின்?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். கும்பகர்ணன் என்று பட்டமும் வைத்தார்கள். ஆனால் என் மனைவி சொன்னது வேறு: "நீங்க குறட்டை விடேக்க எனக்குப் பயமில்லை. அது நிக்கேக்கதான் பயம்."

அவ சொன்னதுதான் வருத்தமே. நித்திரையில் நாக்கும் அண்ணத்தின் பின்பகுதியும் தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிவிடுகின்றன. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை பயந்து ஒரு கணம் எழுப்பிவிடும். ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்ப வரும். காலையில் உங்களுக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. பத்து விநாடியாவது மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று கணக்கெடுக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 என்றால் இலேசு, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. தூக்கப் பரிசோதனையில் எனக்கு 41 வந்தது. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ தோளைப் பிடித்து உலுப்பி எழுப்பியதுபோல. பிறகு எப்படி வகுப்பில் கொட்டாவி விடாமல் இருப்பது?

பிரசர் மருந்துக்கு அடங்காமல் நிற்பது, காலையில் தலையிடி, இரவில் அடிக்கடி சலம் போக எழும்புவது, மோட்டார் சைக்கிளில் போகும்போதே கண் சொக்குவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகம் கூடும். மெலிந்தவர்களுக்கும் வரும். தாடை அமைப்பு அப்படி இருந்தால் போதும்.

இது கொரோனா நேரம் பார்த்த ஒட்சிசன் மிசினா?

இல்லை. இதிலிருந்து வருவது உங்கள் அறைக் காற்றுதான். அதை வடிகட்டி, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, குழாய் வழியாக மூக்குக்குள் அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடித்து மூட விடாமல் வைத்திருக்கும். சைக்கிள் டியூப்புக்குக் காற்று அடித்தால் அது விரிந்து நிற்பதுபோல. மூச்சை நீங்கள்தான் எடுக்கிறீர்கள், மிசின் எடுத்துத் தருவதில்லை. அழுத்தத்தை நீர் மட்டத்தின் சென்ரிமீற்றரில் அளக்கிறார்கள். வழக்கமாக 4 முதல் 20 வரை. எனக்கு 9.

சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981 இல் இந்தச் சிகிச்சையை வெளியிட்டார். ஆரம்ப மிசின்களுக்கு வெக்கியூம் கிளீனர் மோட்டார்தான் போட்டார்களாம். இன்றைய மிசின் சத்தமாக இருக்கிறது என்று முறைப்பாடு சொல்கிறவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

முதல் இரவே கழற்றி எறிந்துவிட்டேன். மூச்சு முட்டுது. எனக்கு இது சரிவராதா?

முதல் இரவு எறியாதவர் குறைவு. நான் மூன்றாம் இரவு எறிந்தேன். எறிந்ததுகூடத் தெரியாது, காலையில் மாஸ்க் கட்டிலுக்குக் கீழே கிடந்தது, மிசின் தன் பாட்டில் ஊதிக்கொண்டிருந்தது.

நித்திரை வருகிற நேரத்தில் புதிய ஒன்றைப் பழகக்கூடாது. களைப்பும் பயமும் சேர்ந்தால் பயம்தான் வெல்லும். பகலில் பழகுங்கள். முதல் இரண்டு நாள் மாஸ்க்கைக் குழாய் இல்லாமல் முகத்தில் பிடித்துக்கொண்டு ரி.வி. பாருங்கள். பட்டியைக்கூட மாட்டவேண்டாம், கையால் பிடித்தால் போதும். எப்போதும் எடுக்கலாம் என்று கைக்குத் தெரிந்தால் மனம் அடங்கும். பிறகு பட்டியை மாட்டுங்கள். பிறகு குழாயைப் பூட்டி, மிசினைப் போட்டு, கதிரையில் இருந்தபடியே அரை மணித்தியாலம். நான் பின்னேரச் செய்தி முடியும் வரை என்று கணக்கு வைத்தேன். மறுகா மத்தியானத் தூக்கம். அதற்குப் பிறகுதான் இரவு.

இரவில் பதற்றம் வந்தால் எழும்பி இருந்து, வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் கழற்றி வையுங்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். "இன்றைக்கு விட்டுட்டு நாளைக்குப் பார்ப்பம்" என்பது மட்டும் கூடாது. அந்த நாளை வராது. இரண்டு மூன்று கிழமை முயன்றும் பயம் போகாவிட்டால் டொக்டரிடம் அதையே சொல்லுங்கள். அதற்கும் வழி இருக்கிறது.

எந்த மாஸ்க் நல்லது?

உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதுதான். வகை மூன்று. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்னக் குமிழ்கள், மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. பெரிதாக மூடினால் பாதுகாப்பு என்று நினைத்து நம்மவர்கள் மூன்றாவதைக் கேட்டு வாங்குகிறார்கள். மூக்கால் மூச்சு விட முடிந்தவர்களுக்கு அது பெரும்பாலும் தேவையில்லாத சுமை. விளிம்பு நீளமானால் ஒழுகுகிற இடமும் கூடும்.

என் கதை: கொழும்பில் ஒரு கடையில் கதிரையில் இருத்தி, முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டு "மீடியம்" என்று கட்டித் தந்தார்கள். இரண்டு கிழமை மூக்குத்தண்டில் புண். பிறகு உற்பத்தியாளர் தருகிற அளவுத் தாளை அச்செடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேண்டியது சின்னது. எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் திரும்பப் போய் மாற்றினேன். ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: படுத்துப் பார்க்க விடுவீர்களா, மிசினைப் பூட்டிக் காற்று ஓடவிட்டுப் பார்க்கலாமா, மாற்றித் தருவீர்களா? இருந்தபடி பொருந்துகிற மாஸ்க் படுத்தவுடன் நழுவும். கன்னம் பக்கவாட்டில் சரிந்துவிடும்.

கட்டுப்பல் போடுகிறவர்கள் இரவில் அதைக் கழற்றுவீர்களானால், கழற்றிவிட்டே அளவு பாருங்கள். பல் இல்லாத முகம் வேறு முகம். தாடி வைத்தவர்களுக்கு மூக்கும் வாயும் மூடுகிற வகை ஒழுகும், மூக்குக் குமிழ் வகை தாடியைத் தொடாது. காத்தான்குடியில் ஒரு காக்கா, தாடியை எடுக்கச் சொல்வார்களோ என்ற பயத்தில் ஒரு வருடம் கிளினிக் பக்கமே போகவில்லை. எடுக்கத் தேவையில்லை என்றதும் அடுத்த நாளே போனார். இன்னொன்று: சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கும். உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் இருந்தால் காந்தம் இல்லாததாகக் கேளுங்கள்.

காற்று கண்ணுக்குள் அடிக்குது. பட்டியை இறுக்கியும் நிற்கவில்லை.

இறுக்கியதால்தான் நிற்கவில்லை. மாஸ்க்கின் விளிம்பு இரட்டைத் தோல்போல இருக்கும். அதற்குள் காற்று புகுந்து உப்பி முகத்தில் படிய வேண்டும். இறுக்கினால் உப்ப இடமில்லாமல் ஒரு பக்கம் மடிந்து ஒழுகும். படுத்தபடி, மிசின் ஓடும்போது, மாஸ்க்கை ஒருதடவை முகத்திலிருந்து முன்னே இழுத்து மெதுவாக விடுங்கள். தானாகப் படியும். பட்டிக்கும் கன்னத்துக்கும் இடையில் விரல் போகவேண்டும்.

நம்மூர்க் காரணம் ஒன்றும் உண்டு. தேங்காய் எண்ணெய். படுக்கமுன் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் பூசுகிற பழக்கம் இருந்தால் மாஸ்க் வழுக்கிக்கொண்டு போகும், சிலிக்கனும் கெதியாகப் பழுதாகும். எண்ணெயைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, இரவில் முகத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். என் வீட்டில் இது பெரிய சண்டையாகப் போய், கடைசியில் எண்ணெய்தான் தோற்றது.

மாஸ்க்கின் முன்பக்கத்தில் சின்னத் துளைகளால் காற்று எப்போதும் வந்துகொண்டிருக்கும். அது ஒழுக்கு அல்ல. நீங்கள் வெளிவிடுகிற கரியமிலவாயு போகிற வழி அது. சத்தமாக இருக்கிறதென்று பிளாஸ்டர் ஒட்டி அடைத்த ஒருவரை அறிவேன். தயவுசெய்து அடைக்கவேண்டாம்.

மூச்சை உள்ளே எடுக்கலாம், வெளியே விடக் கஷ்டமாக இருக்கு.

மிசினில் இரண்டு வசதி இருக்கும். ஒன்று ரேம்ப்: குறைந்த அழுத்தத்தில் தொடங்கி நீங்கள் நித்திரைகொள்ளும் வரை மெதுவாகக் கூடும். மற்றது, மூச்சை விடுகிற நேரம் மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குவது. விற்கிறவர் இவற்றைத் திறந்து தராமலே அனுப்பியிருப்பார். கேளுங்கள். ரேம்ப் மிகக் குறைவில் தொடங்கினால் காற்றுப் பற்றாததுபோல முட்டும், அப்படியென்றால் தொடக்க அளவை ஒன்றிரண்டு கூட்டச் சொல்லுங்கள்.

விடிய எழும்பினால் வாய் ஓடுபோலக் காய்ந்திருக்கு. மூக்கும் அடைக்குது.

இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. மூக்கு அடைத்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் மூக்கால் போன காற்று வாயால் வெளியே ஓடிவிடும், மூக்கு இன்னும் காயும், இன்னும் அடைக்கும். வாயிலிருந்தல்ல, மூக்கிலிருந்து தொடங்குங்கள். படுக்கமுன் உப்புத் தண்ணீர் ஸ்பிரே அடியுங்கள். மிசினில் காற்றுக்கு ஈரப்பதன் கொடுக்கிற தண்ணீர்த் தட்டின் அளவை ஒரு படி கூட்டுங்கள். வாடையில் ஒரு அளவு, கச்சான் காலத்தில் இன்னொரு அளவு தேவைப்படும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அந்தச் சூட்டுக் காற்று வீசுகிற இரவுகளில் நான் இரண்டு படி கூட்டித்தான் வைப்பேன்.

பாமசியில் விற்கிற, மூக்கை உடனே திறக்கிற சொட்டு மருந்தை ஓரிரு நாளுக்கு மேல் தொடர்ந்து விடவேண்டாம். பிறகு அதுவே மூக்கை அடைக்கும். நாட்பட்ட அடைப்பு என்றால் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்டுங்கள். எலும்பு வளைவோ அலர்ஜியோ இருக்கலாம். வாய் திறக்காமல் தாடையைத் தாங்கிப் பிடிக்கிற தாடைப்பட்டி சிலருக்கு உதவும். வாயில் பிளாஸ்டர் ஒட்டி மூடுகிற வீடியோக்கள் சுற்றுகின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எந்தத் தண்ணீர் ஊற்றவேண்டும்? கிணற்றுத் தண்ணி சரியா?

காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்ட் வாட்டர். பாமசியில் கேளுங்கள். கராஜில் பற்றறிக்கென்று விற்கிற போத்தல்களில் வெறும் தண்ணீரும் இருக்கும், அமிலமும் இருக்கும். இரண்டும் ஒரே தட்டில்தான் நிற்கும். மூச்சுக்குப் போகிற தண்ணீரை அங்கே வாங்கவேண்டாம்.

எங்கள் கடற்கரைப் பக்கக் கிணறுகளில் உப்பும் கல்லும் இருப்பது கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு தட்டின் உலோகத் தகட்டிலும் ஏறும். வடித்த தண்ணீர் முடிந்துவிட்டால் ஒரு இரவு இரண்டு இரவுக்குக் கொதித்தாறிய தண்ணீர் போதும். ஆனால் கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், உப்பு போகாது. படிவு ஏறினால் பத்தில் ஒரு பங்கு வெள்ளை வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். மிச்சத் தண்ணீரைக் காலையில் ஊற்றிவிடுங்கள், அடுத்த இரவுக்குப் புதிது.

சித்தாலேப, யூக்கலிப்ரஸ் எண்ணெய், நறுமணத் திரவம் ஒன்றையும் தண்ணீரில் போடக்கூடாது. இரவு முழுதும் அது நேரே நெஞ்சுக்குள்தான் போகும். தடிமன் என்றால் படுக்க ஒரு மணித்தியாலம் முன் தனியாக ஆவி பிடியுங்கள்.

நடுச்சாமத்தில் குழாய்க்குள் தண்ணீர் குடுகுடு என்று சத்தம் போடுது, முகத்திலும் தெறிக்குது.

எனக்கு முதல் மார்கழியில் நடந்தது. கனவில் வாவிக்குள் விழுந்து மூழ்குகிறேன், துள்ளி எழும்பினால் மூக்கெல்லாம் தண்ணீர். மனைவிக்கு ஒரு பக்கம் பயம், மறுபக்கம் சிரிப்பு. சூடான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டு வியர்த்த தண்ணீர்தான் அது. ஏசியோ பேனோ நேராகக் குழாயில் படாமல் திருப்புங்கள். ஈரப்பதனை ஒரு படி குறையுங்கள். குழாயைப் பழைய சாரத்துணியால் சுற்றி உறை தைத்தால் சூடு நிற்கும், என் மனைவி தைத்துத் தந்த உறை இன்றைக்கும் ஓடுகிறது. மிசினைத் தலைமாட்டை விடத் தாழ்வாக வையுங்கள், தண்ணீர் முகத்துக்கு வராமல் திரும்பிப் போகும். தாழ்வு என்றால் ஒரு சின்ன ஸ்டூல். வெறும் தரையில் வைத்தால் தூசியை இழுக்கும், எறும்பும் குடியேறும்.

நுளம்பு வலைக்குள் எப்படிக் குழாயைக் கொண்டுவருவது?

வெளிநாட்டு வீடியோக்களில் இதற்குப் பதில் கிடையாது. மிசினை வலைக்கு வெளியே வைத்து, வலையின் விளிம்பை மெத்தைக்குக் கீழே செருகும் இடத்தில் தலைமாட்டு மூலையில் குழாயை உள்ளே விடுங்கள். குழாயைச் சுற்றி வலையை ஒரு ரிப்பனால் தளர்வாகக் கட்டினால் நுளம்பு நுழையாது. பிறகு குழாயை மேலே கொண்டுபோய், கட்டில் சட்டத்தில் ஒரு துணி வளையத்தில் தொங்கவிடுங்கள். அப்போதுதான் கிறுகிப் படுக்கும்போது கழுத்தில் சுற்றாது, மாஸ்க்கையும் இழுக்காது. பாயில் படுக்கிறவர்கள் சுவரில் ஒரு ஆணி அடித்தால் சரி. நுளம்புச் சுருளை மிசினுக்குப் பக்கத்தில் கொளுத்தவேண்டாம், அந்தப் புகையையும் அது இழுத்து உங்களுக்கே தரும்.

கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சடைத்துச் செத்துவிடுவேனா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், பகலில் கேட்க வெட்கப்பட்டு இரவில் கேட்பார்கள். இல்லை. மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. வாயையும் மூடுகிற மாஸ்க்கில் ஒரு வால்வு இருக்கும், காற்று நின்றவுடன் அது திறந்து வெளிக்காற்றை விடும். பெரும்பாலும் மிசின் நின்ற அமைதியே எழுப்பிவிடும். எழும்பினால் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் படுங்கள், அல்லது தலையை உயர்த்திப் படுங்கள்.

ஒரு இரவு போடாவிட்டால் உடனே ஆபத்தில்லை. குறட்டை திரும்பும், அடுத்த நாள் சோர்வாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதுபோல இரவு இரவாகப் போனால் ஏற்பாடு வேண்டும். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருளில் மூழ்கியது என்றார்கள். நல்லவேளை, அது பகல்.

நான் கணக்கு வாத்தியார், அளந்து பார்த்தேன். என் மிசின் ஈரப்பதன் சூட்டோடு ஏறத்தாழ 50 வோட் எடுக்கிறது, சூட்டை நிறுத்தினால் 15க்குக் கிட்ட. ஏழு மணித்தியாலத்துக்கு முதலாவது 350 வோட்-மணி, இரண்டாவது 105. 12 வோல்ட், 40 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றறியில் 480 இருக்கும், பழுதாகாமல் பாதிதான் எடுக்கலாம், அதாவது 240. ஆக, சூட்டை நிறுத்தினால் இரண்டு இரவு ஓடும், நிறுத்தாவிட்டால் ஒரு இரவுகூட ஓடாது. கரண்ட் தின்பது மோட்டார் அல்ல, சூடாக்கிதான்.

பற்றறியை நேரே மிசினில் கொழுவவேண்டாம். பல மிசின்கள் 24 வோல்ட் கேட்கும், அதற்கென்ற மாற்றி விற்கிறார்கள். இன்வேட்டர் என்றால் பியூர் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்டைப் போலச் சீராகத் தருகிற வகை. ஈய அமிலப் பற்றறியைச் சார்ஜ் பண்ணும்போது வாயு வரும், படுக்கையறைக்குள் வைக்காமல் காற்றோட்டமான விறாந்தையில் வையுங்கள். கார்த்திகை பிறந்தால் நான் பற்றறியை நிறையச் சார்ஜ் பண்ணி வைத்துவிடுவேன். 1978 கார்த்திகையில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியைக் கண்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வயிறு ஊதுது, ஏப்பமாக வருது.

காற்றை விழுங்குகிறீர்கள். தலைமாட்டைச் சற்று உயர்த்துங்கள், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள். தொடர்ந்தால் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.

வாப்பா நோன்பு காலத்தில் மிசினை விட்டுவிடுகிறார். என்ன செய்ய?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தம்பி கேட்டது. விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால் மாஸ்க்கைக் கழற்றுகிறவர், சுபஹுத் தொழுகைக்குப் பிறகு திரும்பப் படுக்கும்போது போடுவதில்லை. அந்த விடியற்காலைத் தூக்கத்தில்தான் கனவு நிலை அதிகம், மூச்சுத் தடையும் பெரும்பாலும் அப்போதுதான் கூடும். ஆகவே இரண்டாம் தூக்கத்துக்கும் போடவேண்டும். பகலில் போடும்போது நோன்புக்கு ஏதும் ஆகுமா என்பதை அவர் நம்புகிற மௌலவியிடம் கேட்கட்டும். கேட்கும்போது இது மருந்து இல்லை, அறைக் காற்று என்பதையும், தண்ணீர்த் தட்டு இருப்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். தட்டை எடுத்துவிட்டும் மிசினை ஓட்டலாம், வாய் கொஞ்சம் காயும்.

கனடாவிலிருந்து மச்சான் தான் பாவித்த மிசினைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

மச்சானின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், மிசினைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் மாதிரிப் பெயரைப் பாருங்கள். 2021 யூனில் பிலிப்ஸ் கம்பனி, சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு வரலாம் என்று உலகம் முழுதும் பல இலட்சம் மிசின்களைத் திரும்பப் பெற்றது. முதலாம் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் அதில் ஒன்று. அங்கே கராஜில் கிடந்து இங்கே வந்து சேர்வது அதுவாக இருக்கலாம். தொடர் இலக்கத்தை அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள்.

பவர் அடப்ரரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலானவற்றில் இருக்கும். ஓடிய மணித்தியாலம் மெனுவில் தெரியும். மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றும் புதிதாக வேண்டும், தண்ணீர்த் தட்டும் முடிந்தால். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் இருப்பது மச்சானின் அழுத்தம். அவருக்கு 14 என்றால் உங்களுக்கு 8 ஆக இருக்கலாம். உங்கள் பரிசோதனை அறிக்கையோடு டொக்டரிடம் கொண்டுபோய் மாற்றாமல் ஒரு இரவும் போடவேண்டாம். பரிசோதனையே செய்யாமல், குறட்டைக்கு நல்லது என்று கேள்விப்பட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, கிளினிக் நாளை மட்டும் சொல்கிறேன்.

எத்தனை மணித்தியாலம் போட்டால் போதும்?

இரவுக்கு 4 மணித்தியாலம், பத்து இரவில் ஏழு இரவு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அமெரிக்காவில் காப்புறுதிக்காரர் பணம் கட்ட வைத்த எல்லை. நித்திரைகொள்கிற நேரம் முழுவதும் போடுவதுதான் சரி. 2016 இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ இருந்த 2,700 பேருக்கு மேல். சீபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று முடிவு. இதைக் காட்டி மிசின் வீண் என்பவர்கள், அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான் போட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் அதே ஆய்வில் நன்றாகத்தான் தேறின. இதயத்துக்கு இது காப்பு என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன். வகுப்பில் தூங்கி விழாமல் கடைசி வருடத்தை முடித்தேன், அதற்குச் சத்தியம் செய்வேன்.

காலையில் மிசினில் வருகிற எண்களில் இரண்டைப் பாருங்கள்: மூச்சுத் தடை 5க்குக் கீழே இருக்கிறதா, ஒழுக்கு அளவோடு இருக்கிறதா. ரெஸ்மெட் கம்பனி மிசின்களில் நிமிடத்துக்கு 24 லீற்றருக்குள் இருந்தால் நல்லது. ஒரு இரவின் எண்ணைப் பார்த்துப் பதறவேண்டாம், ஒரு கிழமையைப் பாருங்கள்.

கழுவுவது எப்படி?

முகத்தில் படுகிற பகுதியைத் தினமும் துடையுங்கள் அல்லது மென்மையான சவுக்காரத் தண்ணீரில் கழுவுங்கள். குழாயையும் பட்டியையும் கிழமைக்கு ஒருதடவை. நிழலில் காயவிடுங்கள், மட்டக்களப்பு வெயில் பிளாஸ்ரிக்கை வெடிக்கவைக்கும். டெட்டோல், குளோரின் வேண்டாம். குழாயைத் தொங்கவிட்டே வையுங்கள். ஒருநாள் அதற்குள் ஒரு பல்லிக் குஞ்சு இருந்தது. அன்றிலிருந்து மாட்டுமுன் கையால் தட்டி, காற்றை ஓடவிட்டுப் பார்க்காமல் மூக்குக்குக் கொண்டுபோவதில்லை.

கொழும்புக்கு இரவுப் பயணம், ஆஸ்பத்திரி வார்ட், உம்ரா என்றால்?

இரவு மெயிலில் போட முயலவேண்டாம், போய்ச் சேர்ந்து போடுங்கள். விமானத்தில் மிசினைக் கையோடு கொண்டுபோங்கள், பொதிக்குள் போடவேண்டாம், டொக்டரின் கடிதம் ஒன்று வைத்திருங்கள். எங்கே கொண்டுபோனாலும் தட்டில் தண்ணீர் இருக்கக்கூடாது. சரிந்தால் மோட்டாருக்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரி விசயம் முக்கியம். எந்தச் சத்திரசிகிச்சை என்றாலும் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரிடம் ஸ்லீப் அப்னியா இருப்பதை நீங்களே சொல்லுங்கள், மிசினையும் கொண்டுபோங்கள். மயக்கமும் வலி மருந்தும் தொண்டையை இன்னும் தளர்த்தும். சாராயமும் நித்திரைக் குளிசையும் அப்படித்தான் என்பதைக் கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் ஞாபகம் வைத்திருக்கவும்.

சாகும்வரை போடவேண்டுமா?

மிசின் வருத்தத்தை மாற்றாது, போட்டிருக்கும்வரை தடுக்கும். கண்ணாடி மாதிரி. உடல் நிறை குறைந்தால் சிலருக்குத் தேவையே இல்லாமல் போகும், ஆனால் திரும்பப் பரிசோதித்த பிறகுதான் விடலாம். 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிருவாகம் டிர்செப்பட்டைட் என்ற ஊசியை, அதிக உடல் நிறையோடு நடுத்தர அல்லது கடும் அப்னியா உள்ளவர்களுக்கு அனுமதித்தது. அதை உங்கள் டொக்டரோடு பேசுங்கள், பேஸ்புக் விளம்பரத்தோடு பேசவேண்டாம்.

பிள்ளைகள் பார்த்துச் சிரிக்குதுகள். மனைவிக்கு முன்னால் போடவும் வெட்கமாக இருக்கு.

என் பேரன் முதல்முறை பார்த்துவிட்டு "அம்மப்பா யானை" என்றான். இப்போது மிசினை அமத்துவது அவன் வேலை, மறந்தால் ஞாபகப்படுத்துவான். மனைவிமார் விசயத்தில் நான் கண்டது, மாஸ்க்கை விடக் குறட்டைதான் அசிங்கம் என்று அவர்கள் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். பக்கத்து அறைக்குப் பாயோடு போன என் மனைவி இரண்டாம் கிழமையே திரும்பி வந்தா. முதல் இரவு அவவுக்கு நித்திரை வரவில்லை. சத்தம் இல்லாததால் உயிரோடு இருக்கிறேனா என்று இரண்டு தடவை எழும்பிப் பார்த்தாவாம்.

சேர், இன்னும் சந்தேகம் இருந்தால் கோல் எடுக்கலாமா?

எடுங்கள். இரவு ஒன்பதரைக்கு முன் எடுங்கள். அதற்குப் பிறகு நான் மாஸ்க்குக்குள்ளிருந்துதான் பேசுவேன், அது என் மனைவிக்கு மட்டும்தான் விளங்கும்.